துரையின் இடுப்பிலிருந்து ஜாகாவின் மடிக்கு

ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவானில், ராஜமாரியம்மன் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு நகைக்கடை. வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார்ந்திருக்கும் ஜாகாவுக்கு, அதாவது காவலருக்கு, அறுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளைச் சட்டை, கருநீலக் கால்சட்டை, மடியில் பம்ப் கன். துப்பாக்கியின் வார் எப்போதோ அறுந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நீல நைலான் கயிறு கட்டியிருந்தார். என் கண் துப்பாக்கியில் நிற்கவில்லை, அந்தக் கயிற்றின் முடிச்சில் நின்றது. ரப்பர் பால்வாளியைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கவிடும் முடிச்சு அது. தோட்டத்தில் வளர்ந்தவர்களைத் தவிர வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள்.

"எந்தத் தோட்டம்ணே?" என்றேன்.

"ரெங்கம் பக்கம், தம்பி. இப்ப அங்க லயமும் இல்ல, ரப்பரும் இல்ல. செம்பனைதான்."

கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டு மூன்று முறை நின்று பேசியதில் நெருக்கமாகிவிட்டார். ஒரு நாளைக்குத் தோட்டா ஐந்து கொடுப்பார்களாம். காலையில் எண்ணிக் கையெழுத்து, இரவில் எண்ணிக் கையெழுத்து. "வீட்டுச் சாவி தொலைஞ்சா கதவ ஒடச்சுக்கலாம். இது ஒண்ணு கொறைஞ்சா லோக்காப்புதான்" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். சுட்டிருக்கிறீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். பயிற்சியில் அட்டையைச் சுட்டதோடு சரி.

"திருடன் வந்தா வரட்டும். அது பயமில்ல. இது கை தவறி வெடிச்சு, ரோட்ல போற பிள்ளைங்க மேல பட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது? கம்பெனியா, கடைக்காரரா, நானா? எங்க சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். நீ வெடிக்காமப் பாத்துக்கன்னான்."

சூப்பர்வைசருக்குப் பதில் தெரியாமல் இருந்தால் அது அவருடைய குற்றமில்லை. இந்த நாட்டு நீதிமன்றங்களே அந்தக் கேள்விக்கு ஒரு தெளிவான பதிலுக்கு வந்து சேர 2022 வரை ஆயிற்று. ஆனால் அந்தக் கேள்வியை இவர் கேட்கிறார் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. இவருடைய தாத்தா காலத்தில் அதே ரெங்கம் வட்டாரத்தில் வேலையிடம் முழுக்கத் துப்பாக்கிகள் இருந்தன. இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்டதில்லை.

1948 ஜூன் 16 அன்று பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் முதலில் அறிவிக்கப்பட்டது பேராக்கிலும் ஜொகூரிலும்தான். அடுத்த ஓரிரு நாளில் அது மலாயா முழுவதற்கும் ஆனது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு வருஷம். சரித்திரப் புத்தகத்தில் இது கம்யூனிஸ்டுகளுக்கும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் நடந்த சண்டை. தோட்டத்து ஆட்களுக்கு அது வேலை நடந்த இடத்திலேயே நடந்த சண்டை. பால் வெட்டும் நிரை, ஸ்டோர், ஆபீஸ் ஐந்தடி, பெரட்டுக்களம் எல்லாமே போர்க்களம்தான். குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், லாபிஸ், சிகாமட், யோங் பெங் என்று ரயில் பாதையை ஒட்டியும் ரோட்டை ஒட்டியும் கிடந்த தோட்டங்கள் காட்டுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்தன. காட்டோர மக்களை வேலிக்குள் குடியமர்த்திய பிரிக்ஸ் திட்டம் 1950 ஜூனில் ஜொகூரில்தான் ஆரம்பித்தது. கிளர்ச்சி கடைசி வரை அடங்காமல் இருந்த இடங்களிலும் ஜொகூர் ஒன்று. கம்யூனிஸ்டுகளின் தென்பகுதித் தலைவர் ஹோர் லுங் சரணடைந்தது 1958-இல், சிகாமட் வட்டாரத்தில்.

என் அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. தாத்தா குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணி. சம்பள நாளில் தாத்தா அப்பாவைக் கூட்டிப் போவாராம். பேரேட்டில் பெருவிரல் ரேகை விழுந்ததும் அதன்மேல் மை ஒற்றும் தாளை வைத்து அமுக்குவதுதான் அப்பாவின் வேலை. துரை நடு மேசையில் உட்காருவார். உட்கார்ந்ததும் இடுப்பு உறையிலிருந்து ரிவால்வரை உருவி மேசையின் வலது மூலையில் வைப்பார். பிடியின் அடியில் ஒரு வளையம், அதில் ஒரு காக்கிக் கயிறு, அந்தக் கயிற்றின் மறு நுனி துரையின் பெல்ட்டில். துப்பாக்கி மேசையில் இருந்தாலும் துரையோடு கட்டுண்டுதான் இருக்கும். அப்பா இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு நாள்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது: குழல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்?

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வரிசப் பக்கம்."

துரையைக் கெட்டவர் என்று அப்பா சொன்னதில்லை. அந்தத் துரைக்கும் பயம். காரின் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு அடித்திருந்தார். பங்களாவைச் சுற்றி முள்கம்பி, மணல் மூட்டை, ராத்திரி முழுக்க விளக்கு. தலையணைக்குக் கீழே ஒன்று, காரில் ஒன்று. துரைசானிமார்களே கைப்பையில் பிஸ்டல் வைத்துக்கொண்டு கடைக்குப் போன காலம் அது. சம்பளப் பணத்தை டவுன் பேங்கிலிருந்து கொண்டு வரும் நாள்தான் மிக ஆபத்தான நாள். நாட்டில் சில தோட்டங்களுக்குச் சிறு விமானத்திலிருந்து பணப்பையைப் போட்ட கதையும் உண்டு.

தொழிலாளிக்கு இதெல்லாம் எதுவும் கிடையாது. விடியுமுன் நெற்றி விளக்கோடு, கையில் உளியும் தோளில் காண்டாவுமாக நிரைக்குள் போவார்கள். எந்த மரத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியாது. ராத்திரி வந்தவன் அரிசியும் சந்தாவும் கேட்பான். காலையில் வந்தவன் ஏன் கொடுத்தாய் என்று கேட்பான். கேட்டவர்கள் இருவர் கையிலும் துப்பாக்கி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றாலும், மத்தளத்தை அடிப்பது வெறும் கைதான். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று வேலைக்காட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகவும் தடை வந்தது. வேலியின் கேட்டில் நின்று தூக்குவாளியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கிராணி, கங்காணி, கண்டக்டர் என்று தோட்டத்தின் நடுத்தட்டில் இருந்த எத்தனையோ தமிழர்களும் மலையாளிகளும் அந்த வருஷங்களில் செத்தார்கள். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் உயிரிழந்த பொதுமக்கள் மட்டும் 2,400-க்கும் மேல்.

அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. 1948 ஜூலையில் வந்த அவசரகாலச் சட்ட விதி அது. சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை, வைத்திருந்தாலே போதும். நம் ஆட்களுக்கு அந்த விதியின் முகம் கணபதிதான். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துத் தம்பிக்கோட்டையிலிருந்து வந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மார்ச் 1 அன்று சிலாங்கூர் ரவாங்குக்குப் பக்கத்து வாட்டர்ஃபால் தோட்டத்தில் ஒரு கைத்துப்பாக்கியோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். வழியில் கண்டெடுத்தேன், போலீசில் ஒப்படைக்கத்தான் கொண்டு போனேன் என்று சொன்னார். நேருவின் அரசாங்கம் தலையிட்டுப் பார்த்தது. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடிபட்டதிலிருந்து தூக்கு வரை சரியாக இரண்டு மாதம் மூன்று நாள்.

ஒரே மாதிரி ரிவால்வர், ஒரே மாதிரி தோட்டம். மேசைமேல் வரிசையைப் பார்த்துக் கிடந்தால் அது சம்பள நாள். சட்டைக்குள் ஒளிந்திருந்தால் அது கழுத்துக்குக் கயிறு. கணபதி சொன்னது உண்மையா பொய்யா என்பதற்குள் நான் போகவில்லை. வேலைக்கு மறைத்துத் துப்பாக்கி கொண்டு வரலாமா கூடாதா என்று இன்றைக்கு அமெரிக்காவில் நடக்கும் வாதத்தை யாராவது பேசினால், எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த ஆறு தோட்டாக்கள்தான்.

இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் அரைகுறையாகவே சொல்லப்பட்டு வந்தது. தோட்டங்களைக் காக்கப் போலீஸ் அவசரம் அவசரமாக ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைச் சேர்த்தது. எஸ்.சி. என்பார்கள். பெரும்பாலும் மலாய்க்காரப் பையன்கள், சில வாரப் பயிற்சி. கையில் ரைபிள், கொஞ்ச நாள் கழித்து ஸ்டென் கன். ஸ்டென் கன்னுக்கு உலகம் முழுக்க ஒரு கெட்ட பேர் உண்டு. கீழே விழுந்தால் தானாகவே வெடிக்கும். ஒரு நாள் புகைவீட்டுச் சுவரில் ஒரு எஸ்.சி. தன் ஸ்டென்னைச் சாய்த்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். அது சரிந்து விழுந்து வெடித்தது. ஷீட்டு காயப்போட்டுக்கொண்டிருந்த என் பாட்டியின் தங்கைக்கு முழங்காலுக்குக் கீழே குண்டு. உயிர் பிழைத்தார். கால் கடைசி வரை நேராகவில்லை.

யார் பதில் சொன்னார்கள்? அந்தப் பையனுக்குச் சம்பளம் கொடுத்தது போலீஸ். தங்க இடம் கொடுத்தது தோட்டம். காவல் காத்தது துரையின் சொத்தை. குண்டு பட்டது தோட்டக் கூலிக்கு. இன்றைக்கு ஒரு வக்கீல் கையில் இது கிடைத்தால் மூன்று பிரதிவாதிகளை நிறுத்தியிருப்பார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு லாரி கொடுத்தார்கள், இரண்டு மாதம் அரிசி கொடுத்தார்கள், பிறகு ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் வேலை கொடுத்தார்கள். "தொர நல்லவரு, வேல குடுத்தாரு" என்றே பாட்டி கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதில் எனக்குக் கோபம் வந்ததுண்டு. இப்போது இல்லை. கேட்பதற்கு உரிமை உண்டு என்று தெரியாத இடத்தில் கிடைத்ததெல்லாம் கருணைதான்.

அவசரகாலம் முடிந்த 1960-லேயே ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் யாரும் வைத்திருக்கக் கூடாது. துரைமார்களின் இடுப்பு மெல்லக் காலியானது. துரைமாரே மெல்லக் காலியானார்கள். ஆனால் சட்டத்தின் பயம் குறையவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்புப் பகுதியில் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்ற விதி அப்படியே தொடர்ந்தது. 1977-இல் பதினான்கு வயதில் பிஸ்டலோடு பிடிபட்ட ஒரு சிறுவனுக்கே அந்தத் தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு மன்னிப்பால் அவன் உயிர் தப்பினான். அந்தச் சட்டம் 2012-இல் போயிற்று. மற்றச் சட்டங்களில் கட்டாயமாக இருந்த தூக்கும் 2023 ஜூலையில்தான் கட்டாயம் என்ற சொல்லை இழந்தது.

1971-ஐ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஒரே ஆண்டில் மூன்று காரியம் நடந்தது. துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையை ஏற்றும் சட்டம் வந்தது. உரிமமில்லாத துப்பாக்கி ஒன்றுக்குப் பதினான்கு வருஷம் வரை சிறை, ஆறு அடிக்குக் குறையாத பிரம்படி. தனியார் காவல் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் தனியார் முகவாண்மைச் சட்டம் வந்தது. வேலையில் அடிபட்டவனுக்குப் பணம் கொடுக்கும் சொக்சோவும் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. யாரும் திட்டமிட்டு ஒன்றாகப் போட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் இன்றைய நகைக்கடை வாசலின் முழுப் படமும் அந்த மூன்றில் இருக்கிறது. தனி மனிதன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கு, கம்பெனி வழியாக ஒரு கூலிக்காரன் கையில் திரும்பக் கொடு, அவனுக்கு ஏதாவது ஆனால் ஒரு நிதியிலிருந்து பார்த்துக்கொள்.

அவனால் மற்றவருக்கு ஏதாவது ஆனால்? அந்த ஓட்டை அப்படியே கிடந்தது.

அது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கு ஜொகூர் கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த வழக்கு ஒன்று. சிங்கப்பூர் பஸ்ஸில் ஒரு கண்டக்டர், வயதான மலாய்க்கார அம்மாள் ஒருவரை மரியாதை இல்லாமல் பின்னால் தள்ளினார். ஒரு பயணி தட்டிக் கேட்டார். வாய்ச்சண்டை முற்றி, கண்டக்டர் கையிலிருந்த, டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்சாலேயே அந்தப் பயணியின் முகத்தில் அடித்தார். கண்ணாடி உடைந்து கண் போயிற்று. பஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று சிங்கப்பூர் நீதிமன்றங்கள் சொன்னன. 1974-இல், அன்றைக்கு இறுதி மேல்முறையீடு போன லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றிவிட்டது. டிக்கெட் கிழிப்பதுதான் கண்டக்டர் வேலை, அடிப்பது அவர் வேலை இல்லை, ஆகவே முதலாளி பொறுப்பில்லை என்பது சாரம். டிக்கெட் பஞ்சைக் கொடுத்தது கம்பெனி. பயணிகளை ஒழுங்குபடுத்து என்று சொன்னதும் கம்பெனி. கண்ணை இழந்தவர் மட்டும் தனி ஆள்.

இந்தத் தர்க்கத்தைத் துப்பாக்கிக்குப் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? காவல் காப்பதுதான் காவலர் வேலை, வழிப்போக்கனைச் சுடுவது அவர் வேலையில்லை. அவ்வளவுதான், கம்பெனி கையைக் கழுவிவிடலாம். எந்த முதலாளியும் "போய் அப்பாவியைச் சுட்டுவிட்டு வா" என்று கட்டளை போடப் போவதில்லை. ஆகவே எந்த முதலாளியும் எக்காலத்திலும் பொறுப்பாகப் போவதில்லை.

காற்று திசை மாறியது லண்டனில். 2001-இல், பிள்ளைகள் விடுதி ஒன்றின் காப்பாளர் பிள்ளைகளிடமே தவறாக நடந்த வழக்கில், அந்தத் தவறுக்கும் அவரிடம் ஒப்படைத்த வேலைக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறதா என்பதே கேள்வி என்று பிரபுக்கள் சபை சொன்னது. 2004-இல் துப்பாக்கி சம்பந்தப்பட்ட இரண்டு வழக்குகள் ஒரே வருஷத்தில் பிரிவி கவுன்சிலுக்குப் போயின. ஒன்று பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலிருந்து. ஒரு போலீஸ்காரர் காவலை விட்டுவிட்டு வேறு தீவுக்குப் போய், மதுக்கூடத்தில் பொறாமையில் தன் துணையை நோக்கிச் சுட, அங்கே இருந்த சுற்றுலாப் பயணிக்குக் குண்டு பட்டது. சுட்டது அவருடைய சொந்த விவகாரம், ஆனாலும் இப்படிப்பட்ட ஆளின் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைத்தது அரசின் கவனக்குறைவு, ஆகவே அரசு கொடுக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பு. மற்றது ஜமைக்கா. டெலிபோனுக்கு வரிசையில் நின்றவரை, நான் போலீஸ் என்று சொல்லி ஒதுங்கச் சொல்லி, ஒதுங்காததால் சுட்டார் ஒரு போலீஸ்காரர். அங்கே அரசு நேராகவே பொறுப்பு. இரண்டு தீர்ப்பிலும் என்னைக் கவர்ந்தது முதலாவதுதான். சுட்ட கையைப் பார்ப்பதற்கு முன், அந்தக் கையில் கொடுத்த கையைப் பார்த்தார்கள்.

நம் நாட்டுக்கு இது பினாங்கு வழியாக வந்தது. 2016 டிசம்பரில் குளுகோர் பக்கத்து நெடுஞ்சாலையில், ஒரு தொழிலதிபருக்கு மெய்க்காவலராக இருந்தவர் காரிலேயே தன் எஜமானரைச் சுட்டுக் கொன்றார். பிறகு இறங்கி ரோட்டில் போனவர்களையும் சுட்டார். மூன்று பேர் செத்தார்கள், வேறு சிலர் காயம். வேலை நேரத்தில், வேலைக்கென்றே, உரிமத்தோடு இடுப்பில் இருந்த கைத்துப்பாக்கி. காயம்பட்டவர்களில் ஒருவர் பாதுகாப்பு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். சுட்டது அவன் சொந்த வெறி, காவல் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது நிறுவனம். அந்த 1974 வாதமேதான், டிக்கெட் பஞ்சுக்குப் பதில் பிஸ்டல். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2022-இல் நிறுவனம் தோற்றது. நெருங்கிய தொடர்பு இருந்தால் போதும் என்ற அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் கையில் எடுத்தது. துப்பாக்கியைச் சுமப்பதே வேலையாக இருக்கும்போது, அந்தத் துப்பாக்கியால் வந்த வினை வேலைக்கு வெளியே போய்விடாது.

சூப்பர்வைசரிடம் கிடைக்காத பதில் இதுதான். நகைக்கடை வாசலில் ஒரு நாள் இதைச் சொன்னேன். "அப்ப கம்பெனிதான் கட்டணும்" என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கே வெடிச்சா?" என்றார்.

இங்கேதான் சங்கடம். அவருக்கு அடிபட்டால் பெர்க்கெசோ என்று இன்று அழைக்கப்படும் அதே சொக்சோ பணம் கொடுக்கும். ஆனால் 1969-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 31-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காப்புறுதியில் இருக்கும் தொழிலாளி, வேலையில் பட்ட காயத்துக்காக முதலாளியின் மேல் வழக்குப் போட முடியாது. வழிப்போக்கன் போடலாம், காவலர் போட முடியாது. என் பாட்டியின் தங்கைக்குக் கிடைத்த அரிசியோடு ஒப்பிட்டால் மாதாமாதம் வரும் ஓய்வூதியம் ஆயிரம் மடங்கு மேல்தான், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும், துப்பாக்கி பழுதானது என்று தெரிந்தே கொடுத்தார்களா என்று கோர்ட்டில் நிறுத்திக் கேட்கும் வாய்ப்பு, மற்ற எல்லாருக்கும் இருந்து அவருக்கு மட்டும் இல்லை. கயிற்றை வாராகக் கட்டிக்கொண்டவருக்கு அது சின்ன விஷயமில்லை. தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தை 2024 ஜூன் 1 முதல் அநேகமாக எல்லா வேலையிடத்துக்கும் விரித்து, முதலாளிக்கான அபராதத்தின் உச்சத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகும். அடிபட்டவருக்கு இல்லை.

யார் கையில் கொடுக்கிறோம் என்ற கேள்வியை நாடு வலியோடு கற்றுக்கொண்டது 2013 அக்டோபரில். சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிக் கிளையின் பெண் அதிகாரியை அந்த வங்கியின் காவலரே சுட்டுக் கொன்றுவிட்டுப் பணத்தோடு ஓடினார். அவர் காட்டிய அடையாள அட்டையே போலி, வெளிநாட்டுக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின் காவலர்களின் பின்னணியை ஆராய்வதில் கெடுபிடி கூடிற்று. நம் அண்ணனும் விரல்ரேகை, சுகாதாரச் சோதனை, பயிற்சி எல்லாம் தாண்டித்தான் வந்திருக்கிறார். தாத்தா காலத்தில் எஸ்.சி.க்கு இதில் பாதிகூடக் கிடையாது.

கெடுபிடி கூடியது. கூலி? துரையின் இடுப்பில் துப்பாக்கி இருந்தபோது அது தோட்டத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கியவரிடம் இருந்தது. இன்றைக்குக் கடையிலேயே குறைந்த சம்பளக்காரரிடம் இருக்கிறது. 2025-இல் குறைந்தபட்சக் கூலி 1,700 ரிங்கிட். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில், கண்ணாடிக்குள் மின்னும் சங்கிலி ஒன்றின் விலையைவிடக் குறைவான மாதச் சம்பளத்துக்கு அந்தச் சங்கிலிக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

துப்பாக்கி பாதுகாப்பா, ஆபத்துக்கு வெற்றிலை பாக்கா என்ற கேள்வியும் அன்றைக்கு இருந்ததுதான். காட்டிலிருந்தவர்கள் எஸ்.சி.க்களைத் தாக்கியது பல தடவை அவர்களுடைய துப்பாக்கிக்காகத்தான். 1950 பிப்ரவரி 23 விடியற்காலையில் மூவாருக்குப் பக்கத்துப் புக்கிட் கெப்போங் போலீஸ் நிலையம் எரிந்ததை இந்த மாநிலம் மறக்கவில்லை. எழுபத்துநான்கு வருஷம் கழித்து, 2024 மே 17 விடியற்காலையில் உலு திராம் போலீஸ் நிலையத்துக்குள் ஒருவன் வெட்டுக்கத்தியோடு நுழைந்து, வெட்டுப்பட்ட போலீஸ்காரரின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டான். இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள். "போலீசுகிட்டேயே புடுங்குறான்னா நான் எம்மாத்திரம்?" என்று அன்று மாலை அண்ணன் நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து முதுகு சுவரில்தான்.

அமெரிக்காவில் விவாதம் தலைகீழாக நடக்கிறது. அங்கே தொழிலாளி தன் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டு வருவதை முதலாளி தடுக்கலாமா என்பதே சண்டை. ஓக்லஹோமாவில் ஆலை ஒன்றின் வாகன நிறுத்தத்தில் காருக்குள் துப்பாக்கி வைத்திருந்தவர்களை வேலையிலிருந்து எடுத்ததில் கிளம்பிய கோபம், 2004-இல் அங்கே சட்டமாகவே ஆயிற்று. பூட்டிய காருக்குள் துப்பாக்கி இருப்பதை முதலாளி தடை செய்யக் கூடாது. 2008-இல் ஃபுளோரிடாவும் அதே வழியில் ஒரு சட்டம் போட்டது. இங்கே அப்படி ஒரு தொழிலாளி வந்தால் வேலை போவதைப் பற்றி அவர் கவலைப்பட நேரமே இருக்காது. அந்த விஷயத்தில் நாம் நிம்மதியாகத்தான் இருக்கிறோம் என்று நினைக்கிறேன். அந்த நிம்மதியின் விலை பழைய தூக்குக் கயிறு என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, கடை சாத்தும் நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. கம்பெனி வேன் வந்து நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், டார்ச் லைட்டை வாயில் கவ்வியபடி ரிஜிஸ்டரைத் திறந்தான். அண்ணன் சட்டைப்பையிலிருந்து தோட்டாக்களை எடுத்து, பித்தளை அடிப்பாகம் மேலே தெரிய, வேனின் மிதிப்படியில் ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தார். ஐந்து. பையன் விரலால் தொட்டு எண்ணினான். துப்பாக்கியை வாங்குவதற்கு முன் கயிற்றைப் பார்த்தான்.

"அங்கிள், இந்தக் கயித்த அவுத்துருங்க. செக்கிங்குல கேக்குறாங்க."

"அப்ப வார் குடு."

"சொல்றேன் அங்கிள். ஆபீஸ்ல சொல்றேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தக் காண்டா முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்க்கத் தொடங்கினார். இறுகிப்போயிருந்தது, நேரம் பிடித்தது. கயிற்றைச் சுருட்டித் தன் சோற்றுப் பைக்குள் போட்டுக்கொண்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். குழல் யார் பக்கமும் இல்லாமல் வானத்தைப் பார்க்கும்படி பிடித்துத் துப்பாக்கியைப் பையன் கையில் கொடுத்தார். காலையில் பத்து மணிக்குக் கயிறு மறுபடி அதில் ஏறிவிடும்.